12 அடித்தால் 2 ஆகிறது: ஒரு குடோன் ஆப்பின் பட்டியல் திரை, நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்கு வெளியே ஒரு மளிகை குடோன். கடைக்காரர்கள் ராத்திரி போடும் ஆர்டர் எல்லாம் விடிந்ததும் வண்டி ஏறியாக வேண்டும். பொருள் எடுத்துக் கொடுப்பவர்களை அங்கே பிக்கர் என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் கம்பெனி கொடுத்த விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், அதில் இந்த ஆப். திறந்தால் அவருக்கு ஒதுக்கிய ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து இருநூறு வரிக்கு மேல் ஒரு பட்டியலாக வரும். வரிக்கு வரி பொருளின் படம், பெயர், ரேக் எண், எத்தனை வேண்டும், எத்தனை எடுத்தாயிற்று என்று அடிக்க ஒரு பெட்டி, ஓரத்தில் குடோனில் மீதி இருக்கும் ஸ்டாக். தொல்லை இந்தக் கடைசி எண்ணில்தான் ஆரம்பித்தது. பக்கத்து ரேக்கில் வேறொருவர் பத்து பாக்கெட் எடுத்தால், அந்தப் பொருள் யார் யார் பட்டியலில் இருக்கிறதோ அத்தனை பேர் திரையிலும் அது குறைய வேண்டும். அதற்காக சர்வர் வெப்சாக்கெட் (எப்போதும் திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆப் கோட்லின் மொழியில் எழுதியது, திரைக்கு ஆண்ட்ராய்டின் பழைய வியூ முறை, பட்டியலுக்கு ரீசைக்ளர்வியூ, அதாவது திரையை விட்டுப் போன வரிகளின் வியூக்களையே மறுபடி பயன்படுத்தும் பட்டியல் கருவி. முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது இரண்டு இளைஞர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வெளியிலிருந்து உதவிக்குப் போனவன்.

வந்த புகார்

சூப்பர்வைசர் அனுப்பிய புகார் ஒரே வரி: "ஆப் ரொம்ப ஸ்லோ, காலையில் வேலை ஓடவில்லை." ஸ்லோ என்ற சொல்லுக்குள் எதையும் போடலாம் என்பதால் சர்வர்காரர்கள் நெட்வொர்க்கைப் பார்த்தார்கள், ஆப்காரர்கள் சர்வரைக் கை காட்டினார்கள், ஆளுக்கொரு பக்கம் நாட்கள் ஓடின. ஆபீஸில் இருந்த நல்ல போனில் எதுவுமே தெரியவில்லை. மதிய நேரத்து டேட்டாவை வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

குடோனுக்கே போய் நின்றபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. அங்கே ரொம்ப நாளாக வேலை பார்க்கும் ஒரு அக்கா தெளிவாகச் சொன்னார்: "ஸ்லோ எல்லாம் இல்ல தம்பி. நான் பன்னெண்டு அடிக்கணும். ஒண்ணு அடிச்சதும் கீபோர்டு மூடிக்குது. மறுபடி தொட்டு ரெண்டு அடிச்சு ஓகே குடுத்தா ரெண்டுன்னுதான் நிக்குது." பன்னிரண்டு மூட்டை வண்டி ஏறியிருக்கும், கணக்கில் இரண்டுதான் இருக்கும். இன்னொருவர் சொன்னது, ஒரு வரியைத் தொடப் போகும் நேரத்தில் பட்டியல் நழுவி விரல் பக்கத்து வரியில் படுகிறது என்று. படங்கள் சாம்பலாகி மறுபடி வருவதை எல்லோருமே சொன்னார்கள், ஆனால் அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

ஆக இது வேகம் பற்றிய புகார் அல்ல, தப்பான எண் கணக்கில் ஏறுவது பற்றியது. ஸ்லோ என்றே வைத்துக்கொண்டு போயிருந்தால் கேஷ், படத்தின் அளவு, சர்வர் என்று எங்கெங்கோ அலைந்திருப்போம்.

பார்த்தது

டெவலப்பர் ஆப்ஷனில் ஃப்ரேம் நேரத்தை, அதாவது திரையை ஒரு முறை வரைய ஆகும் நேரத்தை, கம்பிகளாகக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு, போனைத் தொடாமல் மேஜையில் வைத்தோம். யாரும் ஸ்க்ரோல் செய்யவில்லை. ஆனாலும் ஸ்டாக் செய்தி ஒவ்வொன்று வரும்போதும் ஒரு கம்பி பச்சைக் கோட்டைத் தாண்டி எகிறியது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட், அந்தக் கோடு அதுதான்.

அப்புறம் பெர்ஃபெட்டோ என்ற கருவியில் ட்ரேஸ், அதாவது எந்த வேலை எப்போது எவ்வளவு நேரம் ஓடியது என்ற பதிவு, எடுத்தோம். ரீசைக்ளர்வியூ தன் வேலைகளுக்குத் தானே பெயர் ஒட்டி வைக்கும். 'ஆர்வி ஃபுல்இன்வேலிடேட்' என்று ஒரு பட்டை, அதற்கடியில் வரிசையாக 'ஆர்வி ஆன்பைண்ட்வியூ', அவற்றுக்கு நடுவே மூன்று இடத்தில் 'ஆர்வி கிரியேட்வியூ'. ஆன்பைண்ட் என்பது வரிக்குள் டேட்டாவை எழுதுவது, அது வருவதில் ஆச்சரியம் இல்லை. கிரியேட் என்பது வரியின் வியூவையே புதிதாகக் கட்டுவது. யாரும் ஸ்க்ரோலே செய்யாதபோது கிரியேட் ஏன் வர வேண்டும்?

கோடில் தேடினால் ஒரே வரி. செய்தி வந்ததும் பட்டியலில் அந்தப் பொருளின் ஸ்டாக் எண்ணை மாற்றிவிட்டு நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்ட், அதாவது பட்டியல் மொத்தமும் மாறிவிட்டது என்று சொல்லும் அழைப்பு. ஒருவர் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த வாக்காளர் பட்டியலையே கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சடிப்பது மாதிரி. இந்த அழைப்பு வந்தால் எது மாறியது, எது மாறவில்லை என்று ரீசைக்ளர்வியூவுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் இருக்கும் எல்லா வரியையும் செல்லாதது என்று குறித்து, கழற்றி, மறுபயன்பாட்டுக் குளத்தில் போடும். அந்தக் குளத்தில் ஒரு வகை வியூவுக்கு இயல்பாக 5 இடம்தான். இந்த போனில் திரைக்கு 8 வரி தெரியும். ஐந்து உள்ளே போகும், மூன்று தூக்கி எறியப்படும், பிறகு அந்த மூன்றையும் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். ட்ரேஸில் பார்த்த மூன்று கிரியேட்வியூ இதுதான். யாரோ எங்கேயோ ஒரு பாக்கெட் பருப்பு எடுத்ததற்கு இவ்வளவும் நடக்கிறது, காலை நேரத்தில் அது வினாடிக்குப் பல தடவை.

கீபோர்டு மூடுவதும் இதே வழியில்தான். எண் அடிக்கும் பெட்டி இருக்கும் வரியையே கழற்றிவிட்டால் ஃபோகஸ் போய்விடும். அடாப்டரில் (பட்டியலுக்கு டேட்டா கொடுக்கும் பகுதி) ஸ்டேபிள் ஐடியும், அதாவது வரிக்கு ஒரு மாறாத எண்ணும், கொடுத்திருக்கவில்லை, கொடுத்திருந்தால் ஃபோகஸ் இருந்த வரியைத் தேடிப் பிடிக்க ரீசைக்ளர்வியூ தானே முயன்றிருக்கும். அடித்த எண்ணோ கீபோர்டில் ஓகே அழுத்தினால்தான் சேமிக்கப்படும், அதுவரை அது வெறும் பெட்டிக்குள் கிடக்கும் எழுத்து. மறுபடி பைண்ட் ஆகும்போது சேமித்த மதிப்பு, அதாவது காலி, அதன் மேல் எழுதப்படும். அக்கா அடித்த 1 அங்கேதான் போனது.

முதல் முடிவு: புதிதாக எழுதுவதில்லை

அந்த இளைஞர்கள் இருவருக்கும் இதைச் சாக்காக வைத்து, திரையை எழுதும் ஆண்ட்ராய்டின் புதிய முறையான ஜெட்பேக் கம்போஸுக்குப் போய்விட ஆசை. ஆசை நியாயம்தான், ஆனால் தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமான காரணம், கம்போஸின் பட்டியலான லேஸிகாலமிலும் கீ கொடுக்காவிட்டால் வரியின் இடத்தையேதான் அது அடையாளமாக எடுத்துக்கொள்ளும். எந்த வரி எது என்று சொல்லாமல் விட்ட குறை அங்கேயும் கூடவே வரும்.

அடுத்த யோசனை, ஸ்டாக் செய்தியிலேயே எந்தப் பொருள் என்று இருக்கிறதே, அந்த இடத்துக்கு மட்டும் நோட்டிஃபைஐட்டம்சேஞ்ச்ட் கொடுத்தால் போதாதா? போதும். எது மாறியது என்று கச்சிதமாகத் தெரிந்தால் அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது, இதை இப்போதெல்லாம் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பட்டியல் ஸ்டாக்கால் மட்டும் மாறுவதில்லை. நடுவில் அவசர ஆர்டர் நுழையும், ஆர்டர் ரத்தாகும், சூப்பர்வைசர் ஒருவருடைய வரிகளை இன்னொருவருக்கு மாற்றுவார். ஒவ்வொன்றுக்கும் இடத்தைக் கையால் கணக்குப் போட்டால் எங்காவது ஒன்று பிசகி ஆப் விழும். அதனால் லிஸ்ட்அடாப்டர் என்று முடிவு செய்தோம். அதனுள் இருப்பது டிஃப்யூட்டில், பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் சொல்வது. 1986-இல் யூஜின் மையர்ஸ் எழுதிய அல்காரிதம்தான் அடியில், கிட் (கோட் மாற்றங்களைக் காத்து வைக்கும் கருவி) டிஃப் காட்டும்போது ஓடுவதும் அதே குடும்பம்தான். ஒப்பிடும் வேலை பின்னணி த்ரெட்டில் நடக்கும், திரையை வரையும் மெயின் த்ரெட்டுக்கு முடிவு மட்டும் வரும்.

எவ்வளவு செலவு என்று இளைஞர்களில் ஒருவருக்குக் கவலை. கூகுள் தன் ஆவணத்தில் நெக்ஸஸ் 5எக்ஸில் அளந்த எண்களைக் கொடுத்திருக்கிறது: 100 வரி, 10 மாற்றம் என்றால் சராசரி 0.39 மில்லிசெகண்ட். 1000 வரி, 200 மாற்றம் என்றால் 27.07, வரி இடம் மாறுவதைத் தேட வேண்டாம் என்று சொன்னால் 13.54. இருநூறு வரியில் ஒன்றிரண்டு மாறும் நமக்கு இது ஒரு விஷயமே இல்லை.

மாற்றிய பிறகு: திரை அசையவே இல்லை

லிஸ்ட்அடாப்டரைப் போட்டு ஓட்டினால் நடுக்கம் நின்றது. ஸ்டாக் எண்ணும் நின்றது. எந்த வரியும் மாறவில்லை.

இதற்கு இரண்டு காரணம், ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தது. பழைய கோட் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே எண்ணை மாற்றும். அதே பட்டியலை லிஸ்ட்அடாப்டரின் சப்மிட்லிஸ்டுக்குக் கொடுத்தால், கையில் இருப்பதும் வந்திருப்பதும் ஒன்றுதான் என்று பார்த்துவிட்டு அது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். சரி என்று டூலிஸ்ட் போட்டுப் பட்டியலை நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அப்போதும் திரை அப்படியே. பெட்டி புதிது, உள்ளே இருக்கும் பொருள்கள் பழையவைதான், அவற்றின் ஸ்டாக் எண்ணை அதற்கு முன்பே மாற்றியாயிற்று. பழைய பட்டியலைத் திறந்து பார்த்தாலும் புதிய எண்தான் இருக்கும், அப்புறம் எதோடு எதை ஒப்பிட்டு வித்தியாசம் சொல்வது?

டேட்டா கிளாஸில் இருந்த எல்லா வார்-ஐயும் (மாற்றக்கூடியது) வால் (மாற்ற முடியாதது) ஆக்கினோம். மாற்ற வேண்டும் என்றால் காப்பி போட்டுப் புதிய பொருள், புதிய பட்டியல். கம்பைலர் சிவப்புக் கோடு போட்ட இடமெல்லாம் யாரோ நடுவழியில் டேட்டாவைத் திருத்திக்கொண்டிருந்த இடம். அவற்றில் ஒன்று வெப்சாக்கெட்டின் த்ரெட்டிலிருந்தே நேரடியாகப் பட்டியலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எப்போதாவது ஆப் காரணமில்லாமல் விழுகிறது என்று தனியாக ஒரு புகார் கிடந்தது, அதுவும் இதனால்தான் என்று நினைக்கிறேன். நிரூபிக்க வழியில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை.

அடையாளம்: ஒரே அரிசி, இரண்டு வரி

டிஃப்யூட்டில் இரண்டு கேள்வி கேட்கும். ஆர்ஐட்டம்ஸ்தசேம்: இது அதே வரியா? ஆர்கன்டென்ட்ஸ்தசேம்: அதே வரிதான் என்றால், உள்ளே இருப்பது மாறியிருக்கிறதா? இரண்டாவதற்கு டேட்டா கிளாஸின் ஈக்வல்ஸ் போதும். முதல் கேள்விக்குப் பொருள் குறியீட்டை வைத்துப் பதில் சொன்னார்கள், யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

சோதனையில் ஒரு பட்டியலில் பொன்னி அரிசி 5 கிலோ பை இரண்டு வரியில் இருந்தது. ஒன்று ஒரு கடைக்கு 12, இன்னொன்று வேறு கடைக்கு 4. இரண்டுக்கும் பொருள் குறியீடு ஒன்றுதான். மேலே இருந்த ஒரு ஆர்டர் ரத்தானதும் இந்த இரண்டு வரியில் ஒன்று மறைந்து இன்னொன்று இடம் மாறியதாக அனிமேஷன் ஓடியது. உண்மையில் இரண்டும் நின்ற இடத்தில்தான் நின்றன. எது எது என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். குடோனில் பிக்கர் கைக்குப் பொருள் முக்கியம், ஆனால் இந்தத் திரையில் ஒரு வரி என்பது ஒரு கடையின் ஆர்டரில் உள்ள ஒரு வரி. சர்வரின் டேட்டாபேஸில் அதற்கு ஏற்கெனவே ஒரு எண் இருந்தது, ஆப்புக்கு அனுப்பப்படவில்லை. அதைச் சேர்த்து அனுப்பச் சொல்லி, அதையே அடையாளமாக்கினோம். இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் சர்வர் டீமின் ரிலீஸுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. கோட் என்று பார்த்தால் ஒரு வரி.

பேலோட், பெட்டி, செய்தி வெள்ளம்

இதற்குப் பிறகும் மாறிய வரி மட்டும் ஒரு மின்னு மின்னியது. அந்த வரியில் எண் அடித்துக்கொண்டிருந்தால் ஃபோகஸ் மறுபடி போனது. ஒரு வரி மாறினால் ரீசைக்ளர்வியூவின் இயல்பான அனிமேட்டர் பழைய வியூவை மங்க வைத்துப் புதிய வியூவைத் தோன்ற வைக்கும், அதாவது ஒரே வரிக்கு இரண்டு வியூஹோல்டர் (வரியின் வியூவைப் பிடித்து வைத்திருப்பது). அந்த அனிமேஷனை அணைத்துவிடலாம், பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள், மின்னல் நிற்கும். ஆனால் வரி முழுவதும் மறுபடி பைண்ட் ஆவது நிற்காது, படம், பெயர், எண் பெட்டி எல்லாம் மீண்டும் எழுதப்படும்.

கெட்சேஞ்ச்பேலோட் எழுதினோம், பேலோட் என்பது வரியில் எது மாறியது என்று சொல்லும் குறிப்பு. பழைய வரிக்கும் புதிய வரிக்கும் ஸ்டாக் மட்டும்தான் வித்தியாசம் என்றால் 'ஸ்டாக்' என்று ஒரு அடையாளம் திருப்பும். பேலோட் வாங்கும் ஆன்பைண்ட்வியூஹோல்டரில் அது இருந்தால் அந்த ஒரு எழுத்துப் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பும். பேலோட் இருந்தால் அனிமேட்டரும் அதே வியூஹோல்டரையே வைத்துக்கொள்ளும், இரண்டாவது வராது. பேலோட் காலியாக வந்தால் முழு பைண்ட் செய்தே ஆக வேண்டும், அதை மறந்தால் ஸ்க்ரோல் செய்யும்போது பழைய பொருளின் பெயர் புதிய வரியில் நிற்கும். ஐபோன் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதே கதை 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த ரீகான்ஃபிகர்ஐட்டம்ஸ் மூலம் பழக்கமாகியிருக்கும், செல்லை மாற்றாமல் இருக்கும் செல்லிலேயே திருத்துவது.

எண் பெட்டிக்குத் தனி வைத்தியம் தேவைப்பட்டது. அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் உடனே வியூமாடலில் (திரையின் டேட்டாவை வைத்திருக்கும் பகுதி) வரைவாகச் சேரும், ஓகே அழுத்தினால் உறுதியாகும். பைண்ட் செய்யும்போது பெட்டியில் இருப்பதும் எழுதப்போவதும் ஒன்றாக இருந்தால் செட்டெக்ஸ்ட் செய்வதில்லை, செய்தால் கர்சர் எண்ணின் தொடக்கத்துக்கு ஓடிவிடும். பெட்டியில் எழுத்து மாறுவதைக் கவனிக்கும் டெக்ஸ்ட்வாட்சரையும் பைண்டுக்கு முன் கழற்றிப் பின் மாட்டினோம். வியூ மறுபயன்பாடு ஆகும்போது முந்தைய வரியின் வாட்சர் ஒட்டிக்கொண்டே இருந்தால், இந்த வரிக்கு எழுதும் எண் அந்த வரியின் கணக்கில் போய்ச் சேரும். பழைய கோடில் அப்படித்தான் இருந்தது. எத்தனை நாள் எத்தனை எண் இப்படி ஊர் மாறிப் போனதோ.

கடைசியாக, செய்திகளை வந்தவுடன் ஒவ்வொன்றாகத் திரைக்கு அனுப்பாமல் கால் நொடிக்கு ஒரு முறை சேர்த்து அனுப்பினோம். ஒரே பொருளுக்கு நான்கு செய்தி வந்தால் கடைசி எண் மட்டும்தான் யாருக்கும் வேண்டும். ஸ்டாக் என்பது இப்போதைய நிலை, அதனால் நடுவில் உள்ளதை விடலாம். ஆர்டர் ரத்து மாதிரி நிகழ்வுகளை இப்படி விட முடியாது, அவை தனி வழியில் போகின்றன.

நழுவும் வரி

இது கோட் பிரச்சினையே இல்லை. எடுத்து முடித்த வரி தானாகப் பட்டியலின் அடிக்குப் போகும், கீழே இருப்பவை மேலே ஏறும், அந்த நேரத்தில் விரல் இறங்கினால் பக்கத்து வரியில் படும். லிஸ்ட்அடாப்டர் வந்த பிறகு இது அழகான அனிமேஷனோடு நழுவியது, அவ்வளவுதான் முன்னேற்றம். முடிந்த வரி அங்கேயே நிறம் மங்கி நிற்கட்டும் என்று சொன்னோம். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை, "மீதி என்ன இருக்குன்னு ஒரு பார்வையில தெரியணும் சார்" என்றார். அவர் சொல்வதும் சரி. மேலே 'மீதி மட்டும்' என்று ஒரு பட்டன் வைத்தோம், பிக்கர் தானே அழுத்தினால் மட்டும் வரிசை மாறும்.

விளைவு

காலை வேளையில் மறுபடி ட்ரேஸ் எடுத்ததில் ஃபுல்இன்வேலிடேட் இல்லை, சும்மா வைத்திருக்கும்போது கிரியேட்வியூ ஒன்றுகூட இல்லை, கம்பிகள் பச்சைக் கோட்டுக்குக் கீழேயே இருந்தன. எண் தொலைகிறது என்ற புகார் நின்றது. போன் சூடாவது குறைந்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், அதை நாங்கள் அளக்கவில்லை.

எதிர்பாராத ஒன்றும் வந்தது. முன்பு அவசர ஆர்டர் வந்தால் திரையே அதிர்ந்து மேலே புது வரி தெரியும். இப்போது பட்டியலின் உச்சியில் வரி நுழைந்தாலும் ரீசைக்ளர்வியூ பார்த்துக்கொண்டிருக்கும் வரியை அசைக்காமல் பிடித்துக்கொள்கிறது, புது வரி திரைக்கு மேலே கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு அவசர ஆர்டர்கள் இப்படி வண்டியைத் தவறவிட்டன. தானாக மேலே ஸ்க்ரோல் செய்தால் எண் அடிப்பவருக்கு மறுபடி பழைய கஷ்டம், அதனால் 'புதிது 2' என்று மேலே ஒரு பட்டை மட்டும் வைத்தோம், தொட்டால் மேலே போகும்.

பட்டியல் முதலில் திறக்கும் நேரம் மட்டும் மாறவில்லை. அது படங்களின் அளவு, வேறு வேலை.

அடுத்த முறை மாற்றுவது

திரை வரைவதற்கு முன்பே சர்வர் டீமுடன் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு வரிக்கு எது அடையாளம் என்று எழுதி வாங்கிவிட வேண்டும், பின்னால் கேட்டால் ரிலீஸுக்குக் காத்திருக்க நேரிடும். வினாடிக்கு இருபது ஸ்டாக் செய்தி அனுப்பும் ஒரு பொய் சர்வரை இளைஞர்கள் இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள், குடோனில் கொடுக்கும் அதே மாடல் போனில் அதை ஓட்டிப் பார்க்காமல் எந்த வெளியீடும் போவதில்லை. நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்டுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லின்ட் (கோடில் தவறு தேடும் கருவி) முதலிலிருந்தே எச்சரிக்கை காட்டிக்கொண்டுதான் இருந்தது, யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். அதை இப்போது பிழையாகவே மாற்றியாயிற்று.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது, லின்டையும் அங்கே அனுமதித்திருக்கிறோம். செட்டிங்ஸில் பிரிண்டர் பட்டியல், மொத்தம் நான்கு வரி, யாராவது புது பிரிண்டர் மாட்டினால்தான் மாறும். அதற்கு டிஃப் எழுதலாமா என்று இளைஞர்களில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.